மிக்கேல் காலடியில் பிரபாகர்

அதியமான்கோட்டை நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு சிமெண்டுச் சிலை செய்துவந்தாள் நிர்மலாதேவி. வாசல் தூணுக்குச் சிங்கம், வயல் காவலுக்கு முனியப்பன் என்று எது கேட்டாலும் செய்வாள். கம்பைநல்லூர்ப் பக்கத்து மாதா கோயிலிலிருந்து ஃபாதர் சவுரியப்பன் வந்து, பிசாசை மிதித்து நிற்கும் தேவதூதர் மிக்கேல் சம்மனசின் சிலை வேண்டும் என்றபோது உடனே ஒப்புக்கொண்டாள்.

மிக்கேல் சுலபமாக வந்துவிட்டார். பிசாசுக்கு வழக்கம்போல் கோரைப்பல், பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு எல்லாம் வைத்தாள். பார்க்க வந்த ஃபாதர் நெடுநேரம் தாடையைத் தடவினார். பிசாசும் ஒரு காலத்தில் சம்மனசுதான், இருந்தவர்களிலேயே அழகன், யாருக்கும் பணியமாட்டேன் என்ற திமிரால் வானத்திலிருந்து விழுந்தவன் என்று விளக்கினார்.

"அழகு போகலம்மா. வேலைதான் போச்சு. திமிரும் அப்படியே இருக்குது. அந்த முகம் வேணும்."

நிர்மலாதேவி யோசிக்கவே இல்லை. அந்த முகம் வீட்டில் கட்டிலில் படுத்திருந்தது.

அவள் கணவன் பிரபாகர் தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தவன். லட்சணமான ஆள். படிக்கட்டில் நின்று ஊர்ப்பெயரைக் கூவி ஆள் ஏற்றச் சொன்னார் முதலாளி. டிக்கெட் கொடுக்கத்தான் வந்தேன், கூவ வரவில்லை என்று பையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தான். எட்டு மாதமாக, அவரே தேடி வருவார் என்று தினமும் தலைசீவிக் காத்திருந்தான்.

மாதா கோயில் சிலைக்கு அவனைப் பார்த்துச் செய்யப்போவதாகச் சொன்னாள். எந்தச் சிலை என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மணலில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கை ஊன்றி, மேலே முறைத்தான். எதற்குப் படுக்க வேண்டும் என்றதற்கு, கழுத்து நரம்பு அப்போதுதான் எடுப்பாகத் தெரியும் என்றாள். மூன்றாம் நாள் அவன் வேலை பார்த்த பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோனது. அவன் திரும்பவில்லை. கண் மட்டும் ஒரு கணம் கலங்கி, மறுபடி முறைத்தது. ஈரச் சிமெண்டில் அவள் அதை அவசரமாகப் பிடித்துக்கொண்டாள். அன்று ராத்திரி அவனுக்குக் கறிக்குழம்பு வைத்தாள்.

திருவிழாவன்று பிரபாகர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் நின்றான். துணியை விலக்கினார்கள். மிக்கேலின் முகத்தை இரண்டு தடவை உற்றுப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். அவன் மூக்கு, அவன் முடி, நெஞ்சின்மேல் மிக்கேலின் கால்.

"வூட்டுக்கு வா, பேசிக்கறேன்" என்றான் மெல்ல.

அதற்குள் கூட்டம் சிலையைச் சூழ்ந்துவிட்டது. மிக்கேலை ஒருவரும் கவனிக்கவில்லை. கீழே கிடப்பவன் எவ்வளவு களையாக இருக்கிறான், பாவம், என்ன கோபமோ என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பூக்காரி குள்ளம்மாளுக்கு மிக்கேலின் கழுத்து எட்டவில்லை. எட்டியவனுக்கு மாலையைப் போட்டாள். இரண்டு பேர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ஃபாதருக்கு வியர்த்தது. நிர்மலாதேவியை ஓரமாக அழைத்து, பிசாசைக் கொஞ்சம் அவலட்சணமாக்க முடியுமா என்று கேட்டார். அவள் வாய் திறக்குமுன் பிரபாகர் இடையில் வந்து நின்றான்.

"எதுக்குங்க சாமி? நல்லாத்தானே இருக்குது."

கடைசியில் சிலையைச் சுற்றி, கை எட்டாதபடி கம்பி வேலி போட்டார்கள்.

அடுத்த மாதம் அரூர்ப் பக்கமிருந்து ஒரு கோயிலார் வந்து அதே பிசாசு வேண்டும் என்றார்கள். பிரபாகர் தானாகவே கலவை குழைத்து வைத்துவிட்டு மணலில் போய்ப் படுத்தான்.

"இந்தத் தடவ அவரு காலக் கொஞ்சம் ஓரமா வை, நிர்மலா. நெஞ்சு மறைக்குது."

அவள் இரண்டு விரற்கடை நகர்த்திக் கொடுத்தாள்.