கேட் லைட்டுக்கு ஞாயிறு லீவு

கெலமங்கலம் ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டு கேட் லைட்டுக்குப் போன புதன்கிழமை என் கணவர் டைமர் மாட்டினார். ஓசூர் கம்பெனி ஒன்றில் இருபது வருஷமாக மெயின்டனன்ஸ் பார்ப்பவர். மேனுவலைப் பிரிக்கவே இல்லை.

மாலை ஆறரைக்கு எரியும், காலை ஆறுக்கு அணையும். நேற்று வரை சொன்ன நேரம் தவறவில்லை.

இன்று ஆறரை ஆனது, ஏழும் ஆனது. லைட் எரியவில்லை. பல்ப் போய்விட்டது என்று நினைத்து, ஸ்டூல் போட்டு ஏறி மாற்றினேன். அப்போதும் இல்லை.

ஏழேகாலுக்கு அவர் பைக் வந்தது. இருட்டில் கேட் கொக்கியைத் தடவிக்கொண்டே, "ஏன் கவிதா, லைட் போடலியா?" என்றார்.

"உங்க டைமர்தாங்க போடல."

செல்போன் வெளிச்சத்தில் பட்டன்களை அழுத்திப் பார்த்தார்.

"எந்தெந்தக் கிழமைன்னு கேட்டுச்சு. கைப்பழக்கத்துல திங்கள் டூ சனின்னு வெச்சிட்டேன் போல."

"அப்போ ஞாயித்துக்கிழமை?"

"வீக்லி ஆஃப்."

லைட்டுக்கு மறக்காமல் வீக்லி ஆஃப் கொடுத்த மனிதர், ஞாயிறும் அதுவுமாக ஓ.டி. பார்த்துவிட்டு டிபன் பாக்ஸோடு நிற்கிறார். இது தொடர்ந்து நாலாவது ஞாயிறு.

டைமரை மாற்றப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்படியே இருக்கட்டுங்க. அடுத்த ஞாயிறு லைட்டோட சேந்து நீங்களும் லீவு."

"சூப்பர்வைசர் கேட்டா என்னன்னு சொல்றது?"

"செட்டிங்கே அப்படித்தான்னு சொல்லுங்க."

உங்கள் வீட்டு ஆள் ஞாயிற்றுக்கிழமை எந்த செட்டிங்கில் இருக்கிறார்?