மூன்றாவது சிலிண்டர்

மழை நாட்களில் மட்டும் கார் குலுங்கியது. முதல் வாரம் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாவது வாரம், குண்டசாலையிலிருந்து கண்டிக்கு வேலைக்குப் போகும்போது, பாலத்தடிச் சோதனைச்சாவடிக்குப் பத்து யார் தூரம் முன்னால் எஞ்சின் நின்றே போனது. பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. சிப்பாய் ஒருவன் வந்து ஏன் நிறுத்தினாய் என்று சிங்களத்தில் கேட்டான். நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றுவிட்டது என்றேன். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் படித்துவிட்டு டிக்கியைத் திறக்கச் சொன்னான். ஸ்பெயார் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் யன்னல் பக்கமாகச் சாய்ந்து என்னைப் பார்த்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடப்பட்டிருந்த காலம். அம்மா அங்கே, நான் இங்கே. கார் அண்ணாவினுடையது. ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கிய சிறிய கார். அண்ணா வெளிநாட்டுக்குப் போகும்போது திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார். பத்திரங்கள் அவர் பெயரிலேயே இருந்தன. கராஜில் விட்டால் முதல் கேள்வி வண்டி யாருடையது என்பது; இரண்டாவது கேள்வி அவர் இப்போது எங்கே என்பது. அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிக் களைத்திருந்தேன். அதோடு நான் மின்னியல் படித்தவள். கல்லூரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தேன். மற்றவர்களின் கருவிகளைத் திருத்துவதுதான் என் வேலை.

நான் இருந்தது ஒரு வீட்டின் மேல்மாடி அறை. கண்டிக்கு வந்து அது மூன்றாவது அறை. முதலாவது நகரத்துக்குள் இருந்தது. உறவுக்காரர் வருகிறார், அறை தேவைப்படுகிறது என்றார்கள். நான் போய் ஆறு மாதத்துக்குப் பிறகும் யன்னல் பூட்டியே கிடந்தது. இரண்டாவது அறையில், கொழும்பில் குண்டு வெடித்த ஒரு வாரத்தில், வீட்டுக்காரர் காரணம் எதுவும் சொல்லாமல் முற்பணத்தைத் திருப்பித் தந்தார். மூன்றாவதைத் தேட நான்கு மாதம் எடுத்தது. பெயரைக் கேட்டதும் அறை ஏற்கெனவே போய்விட்டது என்று சொன்னவர்களைக் கொப்பியில் குறித்து வந்தேன். பதினேழு வீடுகள். பதினெட்டாவது வீட்டுக்காரி ஒரு முஸ்லிம் அன்ட்டி. கணவர் இறந்துவிட்டார், மகன்மார் இருவரும் கட்டாரில். தமிழ் வாடகைக்காரருக்கான பொலிஸ் பதிவுப் படிவத்தில் அவர்தான் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னார்.

“பிரச்சினை ஒண்டும் வரப்படாது மகள். எனக்கு பொலிஸ்ட வாசப்படி பழக்கமில்ல. வந்திச்சிண்டா அறைய விட்டுருங்க. இப்பவே சொல்லிட்ட.”

நான் தலையாட்டினேன். பத்தொன்பதாவது வீட்டைத் தேடும் தெம்பு என்னிடம் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை முற்றத்தில் பொனட்டைத் திறந்தேன். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினால் நான்கு ஸ்பார்க் பிளக்குகளின் தலையிலும் ஒவ்வொரு இக்னிஷன் கொயில் வரிசையாக இருக்கும். பட்டரியின் சின்ன மின்னழுத்தத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கி பிளக்குக்குக் கொடுப்பது அதுதான். எது பழுது என்று கண்டுபிடிப்பது சுலபம். எஞ்சினை ஓட விட்டு, ஒவ்வொரு கொயிலின் வயர் இணைப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். நல்ல கொயிலைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் மோசமாகக் குலுங்கும். செத்த கொயிலைக் கழற்றினால் ஒரு மாற்றமும் தெரியாது.

அன்ட்டி வாசலில் சுளகோடு வந்து நின்றார்.

“என்ன மகள், வாகனத்துட வயித்த வெட்டிப் பாக்கிறீங்களா?”

“இல்ல அன்ட்டி, ஒரு கொயில் வேலை செய்யேல்ல. எதெண்டு பாக்கிறன்.”

“கராஜுக்குக் குடுத்தா அவங்க பாப்பாங்கதானே.”

“குடுத்தா மூண்டு நாள் வைச்சிருப்பினம்.”

“நீங்க செஞ்சா?”

“நாலு நாள்.”

அவர் சிரித்தார். சுளகில் இருந்த உமி பறந்தது. “எங்கட சின்னவன் சைக்கிள் செயின் கழண்டாலும் உம்மா உம்மாண்டு என்னத்தான் கூப்பிடுவான். இப்ப அங்க போய் பெரிய மெசினெல்லாம் ஓட்டுறானாம். அல்லாதான் அந்த மெசினக் காப்பாத்தணும்.” அடுப்பில் எதையோ வைத்தது நினைவு வந்து உள்ளே போய்விட்டார். கொயில்கள் வெளியே வந்தபோது அவர் அங்கே இல்லை.

மூன்றாவதைக் கழற்றியபோது எஞ்சினில் மாற்றமில்லை. ஆனால் அது கொயிலின் பிழையா பிளக்கின் பிழையா என்பது இன்னும் தெரியாது. இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். சிலிண்டர்களுக்கு ஏற்கெனவே ஒன்றிலிருந்து நான்கு வரை இலக்கம் உண்டு. கொயில்களுக்கும் இலக்கம் போட்டால் மாற்றும்போது குழம்பிவிடும். அதனால் வெள்ளை ஒட்டுநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி அ, ஆ, இ, ஈ என்று எழுதிக் கொயில்களில் சுற்றினேன். இ-யை இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றினேன். பிழையும் இரண்டாவதுக்குப் போனது. அப்படியென்றால் பிளக்கில் பிழையில்லை, கொயிலில்தான்.

ஒரு சாண் நீளம், கறுப்பு, ஒரு முனையில் வயர் பூட்டும் தலை, மறுமுனையில் றப்பர் குழாய். இ-யின் றப்பரில் மயிரிழை போல ஒரு கீறல். அதன் ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு. மின்பொறி பிளக்குக்குப் போகாமல் அந்தக் கீறல் வழியாக எஞ்சின் உடம்புக்குத் தாவிய தடம் அது. ஈரக் காற்றில் இன்னும் இலகுவாகத் தாவும். ஈ-யிலும் அதே இடத்தில் ஒரு கீறல் தொடங்கியிருந்தது. நான்கையும் ஒரேயடியாகப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. பிளக் குழிகளுக்குள் தண்ணீர் போகாமலிருக்கப் பழைய சல்வார் ஒன்றின் துணியைக் கிழித்து நான்கிலும் சிறு பந்தாக அடைத்தேன். பொனட்டை மூடிவிட்டுக் கொயில்களை மேலே கொண்டுபோனேன்.

ஸ்பிரிட்டால் துடைத்தேன். இரண்டு டியூபைக் கலக்கும் பசையைக் கீறலில் பூசி, மேலே சூடாக்கினால் சுருங்கும் குழாயைப் போட்டு இறுக்கினேன். பசை கீழே படாமல் காய வேண்டும். பால்மா டின்னில் அரிசியை நிரப்பி நான்கையும் அதில் தலைகீழாகக் குத்தி நிறுத்தினேன். ஒரு தாளில் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதினேன்: பசை பூசிய நேரம், இருபத்து நான்கு மணி நேரம் கழிந்து பார்க்கும் நேரம், மின் அளக்கும் மல்டிமீற்றரால் சோதிக்கும் நேரம், பூட்டும் நாள். தாளை டின்னுக்கு அடியில் செருகினேன்.

ஞாயிறு முழுக்க மழை. அம்மா ஆறு மணிக்குக் கீழே அன்ட்டி வீட்டுத் தொலைபேசிக்குக் கோல் எடுத்தார்.

“சாப்பிட்டனியே பிள்ளை?”

“ஓம் அம்மா.”

“ஆரோட இருந்து சாப்பிட்டனி?”

“மேசையோட.”

“பகிடிய விடு. கார் ஓடுதோ?”

“திருத்திறன்.”

“அண்ணா இருந்தா...” என்று தொடங்கி அம்மா நிறுத்திக்கொண்டார். லைன் அறுந்தது. பிறகு கிடைக்கவில்லை. மேலே வந்து பல்பு வெளிச்சத்தில் நான்கு கொயில்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு பார்ப்பதற்கு அறையில் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை அறையைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனேன். பின்னேரம் நான்கரைக்குத் திரும்பியபோது வாசலில் பொலிஸ் ஜீப் நின்றது.

நடந்தது பிறகுதான் விளங்கியது. மத்தியானம் சாரல் அடித்திருக்கிறது. என் யன்னல் திறந்திருந்ததைக் கண்டு அன்ட்டி தன்னிடமிருந்த மேலதிகத் திறப்பால் கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே ஒரு இரசாயன வாடை. டின்னில் நான்கு கறுப்புத் தடிகள், ஒவ்வொன்றிலும் சுற்றிய நாடா, நாடாவில் எழுத்து. பக்கத்தில் சிவப்பும் கறுப்புமாக வயர் நீண்ட பெட்டி, என் மல்டிமீற்றர். அடியில் நாட்களும் மணிகளும் எழுதிய தாள். சந்தேகமான பொருளைக் கண்டால் அறிவியுங்கள் என்று அந்த நாட்களில் வானொலி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

மேலே இன்ஸ்பெக்டர் ஒருவரும் நடுத்தர வயதுக் கான்ஸ்டபிள் ஒருவரும் நின்றார்கள். எதையும் தொடவில்லை. அன்ட்டி படிக்கட்டில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

“இது என்ன?” இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

“கார் இக்னிஷன் கொயில், சேர். கீழே நிற்கிற காரினுடையது.”

“எழுத்து?”

“எது எங்கே இருந்தது என்று மாறாமலிருக்க.”

“காரில் இருக்க வேண்டியது ஏன் அரிசிக்குள் இருக்கிறது?”

அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது. பசை, ஈரம், இருபத்து நான்கு மணி நேரம். அவர் தாளை விரலால் தட்டினார். “கார் பாகம் என்றால் காரில் பூட்டு. ஓடட்டும், பார்ப்போம்.”

முற்றத்துக்கு வந்து பொனட்டைத் திறந்தேன். துணிப்பந்துகளை எடுத்து எறிந்தேன். கொயில்களைக் குழிகளில் இறக்கினேன், வயர்களைப் பூட்டினேன். நட்டுகளை இறுக்கப் பொறுமையில்லை. பிறகு இறுக்கலாம் என்று விட்டேன். உள்ளே ஏறித் திறப்பைத் திருப்பினேன்.

எஞ்சின் பிடித்தது. ஆனால் குலுங்கியது, பழைய குலுக்கமேதான்.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். படிக்கட்டில் நின்ற அன்ட்டி வாய்க்குள் எதையோ ஓதினார். அந்த நிமிடத்தில் எனக்குக் கைதாவது பற்றிய பயம் வரவில்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். என் மனம் ஏற்கெனவே சாமான் கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு சூட்கேஸ், புத்தகப் பெட்டி ஒன்று, மண்ணெண்ணெய் அடுப்பு, மல்டிமீற்றரைப் பொலிஸ் எடுத்துப் போகாவிட்டால் மல்டிமீற்றர்.

“மூன்று காலில் நிற்கிற மாடு மாதிரி இருக்கிறதே,” என்றார் கான்ஸ்டபிள். அவர் பொனட்டுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “நங்கி, மூன்றாவது கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது. பார்.”

தங்கச்சி என்பதற்கான சிங்களச் சொல் அது. அன்றைக்கு அந்த வீட்டில் என்னை அப்படி யாராவது கூப்பிடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு இ-யை வெளியே இழுத்தேன். குழியின் அடியில் பூப்போட்ட பச்சைத் துணி தெரிந்தது. சனிக்கிழமை அந்தக் குழியில் மட்டும் இரண்டு பந்து அடைத்திருக்கிறேன். அடைத்ததை நான் எழுதவில்லை. எத்தனை மணிக்குப் பசை பூசினேன் என்பதை நிமிடக் கணக்கில் எழுதிய தாளில், துணியை எடு என்று ஒரு வரி இல்லை. நட்டை இறுக்கியிருந்தால் கொயில் உட்காரவில்லை என்று கைக்கே தெரிந்திருக்கும்.

இடுக்கியால் துணியை எடுத்தேன். கான்ஸ்டபிள் அதை வாங்கி விரித்துப் பார்த்தார். “மேல்சட்டையா?” என்றார். “சல்வார்,” என்றேன். “பாவம், நல்ல துணி.” இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, ஆனால் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இம்முறை நட்டுகளையும் இறுக்கினேன்.

திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. எஞ்சினின் மேல் வைத்திருந்த ஸ்பனர்கூட அசையவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேட்டார். என் பெயர், வேலையிடம், அண்ணாவின் பெயர் எல்லாவற்றையும் ஒரு புத்தகத்தில் எழுதினார். தாளை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட காலத்தில் இப்படிப்பட்ட வேலைகளைக் கராஜில் செய்விப்பது நல்லது என்றார். ஜீப் போய்விட்டது.

முற்றத்தில் நானும் அன்ட்டியும் மட்டும். அவர் கீழ்ப் படியில் உட்கார்ந்தார்.

“நான்தான் கோல் எடுத்த மகள்.”

“தெரியும் அன்ட்டி.”

“கேட்டுட்டு எடுத்திருக்கணும். ஒங்கட வேலையிட நம்பர் எனக்கிட்ட இல்ல. தனிய ஈக்கிற பொம்புள நான்.”

நானும்தான் என்று சொல்ல நினைத்தேன். அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பதற்காகக் காத்திருந்தேன். பொலிஸ் வாசலுக்கு வந்துவிட்டது. வரச் செய்தவர் யார் என்பது நிபந்தனையில் இல்லை. அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். அவர் சொல்வதற்கு முன் நான் முந்திக்கொண்டேன்.

“இனி நான் அறையப் பூட்டேல்ல அன்ட்டி. நீங்க எப்ப வேணுமெண்டாலும் வந்து பாருங்கோ.”

“சே, அப்பிடியெல்லாம் தேவல்ல மகள்,” என்றார். உடனே எழுந்தார். முகம் இலேசாகிவிட்டது. “ஒங்கட விருப்பம்.”

அந்த அறையில் மேலும் இரண்டு வருடம் இருந்தேன். பொலிஸ் வந்த மறுநாள் காலை கதவை வெறுமனே சாத்திவிட்டு இறங்கினேன். கார் பாலத்தைக் கடந்து ஏற்றத்தில் சிரமமில்லாமல் ஏறியது. பின்னேரம் திரும்பியபோது மேசை துடைத்திருந்தது. அம்மாவின் கடிதங்களை நான் தேதிவாரியாக, புதியது மேலே இருக்கும்படி அடுக்கி வைப்பேன். அவை அடுக்கியபடியே இருந்தன, ஆனால் மிகப் பழையது மேலே வந்திருந்தது. நான் அவற்றைத் திருப்பி அடுக்கினேன். கீழேயிருந்து அன்ட்டி, தேத்தண்ணி ஊத்தட்டுமா மகள் என்று கூப்பிட்டார். ஊத்துங்கோ அன்ட்டி, வாறன் என்றேன்.