கண்ணாடித் தொட்டியில் ஒரு மணல்மேடு

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த பின், மைசூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. என் மனைவி காலமாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

அவள் கடலோர மணல்மேடுகளின் நிலத்தடி நீரை ஆராய்ந்தவள். நானும் அதே துறையினன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக அவள் அமைத்த கண்ணாடித் தொட்டி ஒன்று சன்னலோரம் இருந்தது. நடுவில் மணல்மேடு; இரு பக்கமும் உப்புநீர், அதுதான் கடல். கேசரிப் பவுடர் கலந்த நன்னீரை மழையாக மேட்டின் மீது தினமும் ஊற்றுவாள். நன்னீர் இலேசானது, உப்புநீரோடு உடனே கலந்துவிடாமல், மணலுக்குள் அதன் மேல் மிதந்து, நடுவில் பருத்தும் ஓரங்களில் மெலிந்தும் ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். ஓரங்கள் வழியே கடலுக்குக் கசிந்துகொண்டும் இருக்கும். ஊற்றுவதை நிறுத்தினால் நாளடைவில் மெலிந்து மறையும்.

அவள் போன பிறகு நான் ஊற்றவில்லை. அதில் இருந்தது அவள் கையால் ஊற்றிய கடைசி நீர். அது தன் போக்கில் தீரட்டும், உடனிருந்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அது தீரவில்லை.

கசிவு, ஆவியாதல் என்று கணக்கிட்டுப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. ஒருநாள் மேட்டின் உச்சி ஈரமாயிருந்தது. சந்தேகம் அவளுடைய தம்பி மீது விழுந்தது. தனிக்கட்டை, காரியங்களுக்கு வந்தவன், சாமராஜநகரில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பாமல் தங்கியிருந்தான். வந்த மறுநாளே, "அத்திம்பேர், இந்தக் கொசுப் பண்ணையை மாடிக்கு அனுப்பிடலாமா?" என்று கேட்டவன். சமையலறை அலமாரிகளைத் திறந்து தேடுவான். நான் வந்தால் மூடிவிடுவான். அக்காவின் பொருள்களை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தப் பார்க்கிறான், தொட்டியையும் கெடுக்கிறான் என்று எண்ணினேன். கேசரி டப்பாவின் மூடியை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தேன். மறுநாள் அது வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவனை ஊருக்கு அனுப்பிவிடுவதென்று தீர்மானித்தேன்.

அடுத்த நாள் காலை நடைக்குப் புறப்படுவது போல் சென்று, தெருமுனையிலிருந்து திரும்பினேன். காபி டம்ளரில் ஆரஞ்சு நீருடன் அவன் தொட்டியின் முன் குனிந்திருந்தான்.

"என்ன பண்றே?"

திடுக்கிட்டான். "கொசுவுக்கு ஜூஸ் போட்டுண்டிருக்கேன்" என்று சிரிக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை.

"நீங்க தினம் காபியைக் கையில வச்சுண்டு இதையே பார்த்துண்டு உக்காந்திருக்கேள். கலர் வெளுக்க ஆரம்பிச்சுது. அக்கா போனப்பவே அழாத மனுஷன், இதுவும் போயிட்டா என்ன ஆவேளோன்னு பயமாயிடுத்து, அத்திம்பேர்."

"எப்பலேர்ந்து?"

"காரியம் முடிஞ்ச மறுநாள்லேர்ந்து."

அப்படியானால், அவள் ஊற்றிய நீர் எப்போதோ வெளியேறிவிட்டது. இத்தனை நாளும் நான் காவல் காத்தது இவன் ஊற்றிய நீரை. சினம் எழுந்தது. அவன் டம்ளரைக் கீழே வைக்காமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் இருந்தது அந்த ஓர் அக்காதான்.

"ஒரே இடத்துல கொட்டாதே" என்றேன். "மழை மாதிரி பரவலா விடு."

இப்போது முறை வைத்து ஊற்றுகிறோம். மணல்மேட்டில் எந்த நீரும் தங்குவதில்லை. புதிய மழை பழையதைக் கடல் நோக்கித் தள்ளுகிறது. பெய்துகொண்டிருக்கும் வரை வடிவம் மட்டும் நிற்கிறது. வகுப்பறையில் பல ஆண்டுகள் இதைச் சொல்லியிருக்கிறேன். என் முறை வரும் காலைகளிலும் சில சமயம் உச்சி முன்பே ஈரமாக இருக்கிறது. யார் ஊற்றியது என்று நான் ஆராய்வதில்லை.