சுவரின் மேல் போட்ட பழி

லூர்து அண்ணன் போய்விட்ட செய்தி வந்தபோது எடைமேடையில் நிலக்கரி லாரி ஒன்று நின்றிருந்தது. “சேகர் தம்பி, அண்ணன் போயிட்டாங்க” என்று மட்டும் ஃபோனில் சொன்னார் ஜெயமேரி அண்ணி. ஓட்டுநர் எடைச்சீட்டு கேட்டு ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் வெளியே வந்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், அவருக்கு என்ன தெரியும். அந்தக் கோபம் உண்மையில் யார் மேல் என்பதைச் சொல்லத்தான், அண்ணனை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

கீழவாஞ்சூரில் நானும் அவரும் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து லாரிகளை எடை போட்டோம். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அவருடைய காது உங்கள் எல்லோருக்கும் தெரியும். லாரி மேடையில் ஏறும் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் காற்று குறைவு என்று சொல்லிவிடுவார். பந்தயம் கட்டித் தோற்றவர்களில் நானும் ஒருவன். பாட்டு விஷயத்தில் அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: “கேட்டதைச் சொல்லு. எனக்குப் பிடிக்கும்னு நெனச்சு எதையும் சொல்லாத.”

பிரான்சிலிருந்து திரும்பிய அண்ணியின் தம்பி, ஒரு ஜோடி தட்டை ஒலிபெருக்கிகளை, போலகம் ஊரில் இருந்த அண்ணன் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். கதவு உயரம், கதவுப் பலகையின் கனம். பெட்டியே கிடையாது, உள்ளே ஒரு மெல்லிய படலம் அதிரும். முன்னால் வரும் அளவுக்குப் பின்னாலும் சத்தம் போய்ச் சுவரில் மோதித் திரும்பும். சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருந்த அந்தக் கூடத்தில் முதல் பாட்டு வைத்தபோது, பாடியவர் கிணற்றுக்குள் விழுந்துவிட்டாரோ என்று தோன்றியது.

அங்கே நாங்கள் செய்த கூத்து கொஞ்சமல்ல. சத்தம் திரும்பக் கூடாது என்று பின்சுவர் முழுக்க இலவம்பஞ்சு மெத்தைகளைத் தொங்கவிட்டோம். “சுவருக்கு மெத்தை, எங்களுக்குத் தரையா?” என்றார் அண்ணி. மெத்தை, பாட்டின் உயிரையும் சேர்த்துக் குடித்துவிட்டது. பெட்டி ஒலிபெருக்கிக்குச் சொன்ன வைத்தியத்தை இதற்குச் செய்திருக்கிறோம் என்று பிறகுதான் விளங்கியது. ஒலிபெருக்கிகளைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் இழுத்தோம். மெத்தைகளை இறக்கிவிட்டு, ஒன்று உயரமும் ஒன்று பள்ளமுமாக மரச்சட்டங்களை அடித்தோம். சத்தம் திரும்பியது, ஆனால் சிதறித் திரும்பியது. அண்ணன் கூடத்தின் நடுவில் நின்று கை தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அப்புறம்தான் அந்த இடப்பக்கத் தொல்லை ஆரம்பித்தது. “இடப்பக்கம் கம்மியா இருக்குடா” என்றார். திரைச்சீலை சத்தத்தைக் குடிக்கிறது என்று கழற்றினோம். இடப்பக்கச் சுவரில் பலகை அடித்தோம், பெயர்த்து மறுபடி அடித்தோம். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கேட்டது. ஆனால் அவர் காதை விட்டு என் காதை நம்புவதா? வாரக்கணக்கில் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டினோம். பேச்சில் சூடு ஏறியது. “உன் பலகைதான்டா கோணல்” என்று ஒருநாள் கத்தினார். நான் சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

அப்போது அவருக்கு ஃபோன் வந்தது. இடது காதில் வைத்தார். “என்னது? சத்தமா பேசுங்க” என்றார். பிறகு தன்னையறியாமல் வலது காதுக்கு மாற்றிக்கொண்டு சாதாரணமாகப் பேசினார். கோணல் சுவரில் இல்லை.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பாட்டு கேட்பதைத் தவிர வேறு ஆசையே இல்லாத மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? தூசிக்குப் பயந்து ஆம்ப்ளிஃபயரைத் துணி போட்டு மூடியிருப்பார். ரிமோட்டை மட்டும்தான் தொடுவார். அவர் தேநீர் வாங்கிவர உள்ளே போன நேரத்தில், துணிக்குள் கையை விட்டு, இரு பக்கச் சத்தத்தையும் சரிசெய்யும் திருகைத் திருப்பி இடப்பக்கத்தைக் கூட்டிவைத்தேன். ஒரு பலகையைச் சும்மா நகர்த்தினேன். “பாத்தியா! சுவருதான் குத்தவாளி” என்று என் முதுகில் தட்டினார். மூன்று மாதம் இப்படியே ஓடியது. இடையில் இன்னொரு முறையும் கூட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்த உறவினர் ஒருவர் உட்கார்ந்ததுமே, “என்ன மாமா, இடதுபக்கம் காதைக் கிழிக்குது?” என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். உறவினர் போகும்வரை காத்திருந்தார். பிறகு துணியை விலக்கித் திருகைப் பார்த்தார். அண்ணி அடுப்படியில் இருந்தார்.

“எத்தன நாளா?”

“மழைக்கு முன்னாடிலேந்து, அண்ணே.”

திருகை நடுவுக்குக் கொண்டுவந்தார். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில் காதுக்குப் பின்னால் கட்டி என்றார்கள். “ஏன் முன்னாடியே வரல?” என்று டாக்டர் கேட்டபோது ஒரு பக்கம் அண்ணி, ஒரு பக்கம் நான். “நான்தான் கவனிக்கல டாக்டர். யாருக்கும் தெரியாது” என்றார் அண்ணன். பிறகு நான் டாக்டரைத் தனியாகப் பிடித்து, மூன்று மாதம் முந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். “சொல்ல முடியாது” என்றார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அண்ணன் எழவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பொய்தான். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய், எனக்காகச் சொன்னது. அதை வைத்துக்கொண்டு உங்கள் நடுவே நல்லவனாகத் திரிய என்னால் முடியவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், இதை எழுதுவதற்கு முன்னால், போலகம் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

“நீங்க மறைச்சது அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும், அண்ணி.”

“என்கிட்டகூட சொல்லலியே” என்றார். பிறகு எழுந்தார்.

“எழுதுங்க தம்பி. எல்லாரும் படிக்கட்டும். நான் படிக்க மாட்டேன்.”