எங்கள் தெருவின் அதிபர்

கோச்சடையில் எங்கள் தெருச் சங்கத்துக்குப் பதினேழு வருஷமாக ஒரே தலைவர், ஒச்சுக்காளை. முதல் கூட்டத்துக்கு நாலு பேர்தான் வந்தோம். நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் அவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. தேர்தல் வைக்கலாம் என்றவனோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வார். வார்டு கவுன்சிலருக்கு மூன்று முறை நின்று மூன்று முறையும் டெபாசிட் போனது. சாதனை என்று கேட்டால் தெருமுனையில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதில் தெருவின் பெயரைவிட இவர் பெயர் பெரிது.

போன மாதம் அவருடைய பேத்திக்குக் காதுகுத்து. எங்கள் ஊரில் பேனரில் தலைவர்கள் சிரிக்காவிட்டால் அது காதுகுத்தே இல்லை. இவருக்கோ உள்ளூர்த் தலைவர்கள் போதவில்லை. ஏதோ ஓர் ஐரோப்பிய நாட்டு அதிபரைக் கோட்டும் டையுமாக இருபதடி உயரத்துக்கு நிறுத்தி, "வாத்தியாராய்த் தொடங்கி நாடாண்டவர் வழியில் எங்கள் ஒச்சுக்காளை அண்ணன்" என்று எழுதியிருந்தார். இவர் பத்தாவதையே தாண்டவில்லை.

எதிர்வீட்டு நாகஜோதி டீச்சர் அந்த அதிபரின் கதையைப் போனில் தேடிப் படித்துவிட்டார். சாப்பாட்டுப் பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "அண்ணே, இவரு போன தேர்தல்ல தோத்ததும் மாளிகையக் காலி பண்ணிட்டு, திரும்பப் பாடம் நடத்தப் போயிட்டாராமே. நீங்க எப்பண்ணே எறங்கப் போறீக?"

பந்தியே சிரித்தது. ஒச்சுக்காளை பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் பார்த்தால், பேனரில் அதிபரின் முகத்தைக் காணோம். கோட்டைக் கழற்ற மட்டும் மனசு வராமல், அதற்கு மேலே தன் மூஞ்சியை ஒட்டியிருந்தார் மனுஷன்.