ஐந்து ரூபாய் நாணயமும் ஒரு சிலேட்டுச் சுவரும்

இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, சிதம்பரத்தில், என் சுவரை ஒருவர் ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டினார். டொக். இரண்டடி நகர்ந்து இன்னொரு கல்லைத் தட்டினார். டொக். சாரத்தில் ஏறி முதல் மாடி உயரத்திலும் தட்டினார். அங்கேயும் டொக்.

"எல்லாம் பொக்கு மாமா! ஒரு கல்லு பாக்கி இல்ல!" என்று மேலே இருந்தே கத்தினார். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் – நான் எழுதுவது வாரத்தில் ஒரு நாள். மற்ற ஆறு நாளும் சைட் இன்ஜினியர். அண்ணாமலை நகர் போகிற ரோட்டில் மூன்று மாடி ஹோட்டல் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. முதல் முறையாக ஒரு கட்டடம் முழுக்க என் பொறுப்பில். அதனால்தான் 'என் சுவர்' என்கிறேன்.

வெளிப்பக்கம் முழுவதும் ஆந்திராவிலிருந்து லாரியில் வந்த சிலேட்டுக் கல். ஒன்றாம் வகுப்பில் எழுதிப் பழகினோமே, அதே வகைதான். ஆனால் இதைச் சிமென்ட் வைத்து ஒட்டவில்லை. சுவரில் அலுமினியப் பட்டிகள் அடித்து, கிளிப் போட்டு மாட்டியிருக்கிறோம். கல்லுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. மழை கல்லில் அடிக்கும். இடுக்கு வழியாகக் கொஞ்சம் உள்ளேயும் போகும். போகட்டுமே! அந்த இடைவெளியிலேயே வழிந்து கீழே இறங்கிவிடும். மிச்ச ஈரத்தைக் காற்று உலர்த்திவிடும். சுவருக்கு ஒரு ரெயின்கோட், அவ்வளவுதான்.

பின்னால் காலி என்றால், தட்டும்போது பொக்கென்றுதானே கேட்கும்?

நம் ஊரில் டைல்ஸ் ஒட்டினால் நாணயத்தால் தட்டிப் பார்ப்பது வழக்கம். பொக்கென்று கேட்டால் அடியில் சிமென்ட் சேரவில்லை. பெயர்த்து மறுபடி ஒட்ட வேண்டும். நல்ல பழக்கம்தான். நானே எத்தனையோ மேஸ்திரிகளின் உயிரை இப்படி வாங்கியிருக்கிறேன். அன்று தட்டியவர் குணசேகர், விருத்தாசலத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். ஹோட்டல் முதலாளி ராஜவேலுவின் மனைவிக்குத் தம்பி. டைல்ஸ் தெரிந்தவருக்குச் சுவர் தெரியாதா என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை.

ராஜவேலு பெண்ணாடம் பக்கம் கரும்பு விவசாயம் செய்கிறவர். நல்ல மனிதர். கார்த்திகையில் திறப்பு விழா என்று பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது.

"ஏம்மா, மச்சான் சொல்றது நெசமா? உள்ள காலியாவா இருக்கு?"

"ஆமா சார். காலியாத்தான் இருக்கணும்."

"இன்னாம்மா பேசுற? மழ ஜாஸ்தியா பேயிற ஊரு இது. சிமென்ட்ட ஊத்தி ரொப்பிடுங்க."

"ரொப்புனா தண்ணி எறங்க வழி இருக்காது சார். பின்னாடியே நின்னு ரூமுக்குள்ள வந்துடும். அந்த வெயிட்ட கிளிப்பும் தாங்காது. நாளைக்கு ஒரு கல்லு வுழுந்தா யாரு தலையில வுழும்?"

"இருவது வருசமா டைல்ஸ் விக்கிறேன், எனக்குத் தெரியாதா?" – இது குணசேகர்.

"நீங்க விக்கிறீங்க சார். நான் மாட்டுறேன்."

கோபத்தில் வந்துவிட்டது. இப்போதும் அதற்காக வருத்தப்படவில்லை.

ராஜவேலு முகம் சுருங்கியது. "திங்கக்கெழம ரொப்ப ஆரம்பிக்கணும். உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்."

"நான் இருக்கற வரைக்கும் ரொப்ப மாட்டேன் சார். வேற ஆளு வந்தா, ரொப்பக் கூடாதுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போறேன்."

கடலூர் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் யோசித்தேன். 'லேடி இன்ஜினியர் கட்டினது, உள்ளே காலியாம்' – இந்த ஒரு வரி போதுமே! மாவட்டத்தில் எனக்கு அடுத்த வேலை யார் கொடுப்பார்கள்?

செம்மண்டலத்தில் வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். "அவரு சுவரு, அவரு சிமென்ட்டு. ரொப்பிட்டுப் போயேன்."

"கல்லு வுழுந்தா எம் பேருதான வுழும்?" என்றேன். அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை சைட்டுக்குப் போனால், மேஸ்திரி ஏழுமலை தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். நான் பஸ் ஏறியதும் குணசேகர் கூடவே நின்று, முதல் மாடி 104ஆம் அறைக்கு வெளியே மட்டும் மேலிருந்து சிமென்ட்டை ஊற்றி, அடியில் செங்கல் வைத்து அடைக்கச் சொல்லியிருக்கிறார்.

"நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"எனக்கும் மனசு கேக்கல மேடம். முப்பது வருசத்துல கல்லுக்குப் பின்னால சந்து வுட்டதே இல்ல. வுட்டா தூக்கம் வர மாட்டேங்குது."

அவரை என்ன சொல்ல? சந்து விடாமல் வேலை செய்கிறவர் என்பதால்தானே அவரைக் கூப்பிட்டேன்! ஆனாலும் அவர் அடுத்த அறைக்குச் சிமென்ட் குழைக்கப் போனபோது மூட்டைகளின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். மத்தியானச் சாப்பாடும் அங்கேயேதான். சினிமாத்தனம்தான்... வேறு என்ன செய்ய?

104ஐ மட்டும் பிரிக்கச் சொல்லவில்லை. இருக்கட்டும் என்று விட்டேன். எனக்கும் ஒரு சாட்சி வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் ஆகியும் விடவில்லை. முதலாளி வைத்த திங்கட்கிழமைக் கெடு தண்ணீரோடு போயிற்று. புதன்கிழமை மாமாவும் மச்சானும் குடையோடு வந்தார்கள். முதல் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்பக்கம் இன்னும் பூச்சு பூசாத வெறும் சுவர்.

ராஜவேலு 101இல் கை வைத்தார். காய்ந்திருந்தது. 102, 103... காய்ந்திருந்தன. 104இல் ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்த அளவுக்கு ஈரம். கையை எடுத்துப் பார்த்தார். வெள்ளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இந்த ரூம்ல பைப்பு லீக்கா இருக்கும் மாமா" என்றார் குணசேகர்.

"பைப்பே இன்னும் போடல மச்சான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். ராஜவேலு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "பிரிச்சுடுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். மழை விட்டதும் ஏழுமலை தன் கையாலேயே பிரித்தார். ஒன்பது கற்கள் உடைந்தன. புதிய கற்களை மாட்டிவிட்டு, இடைவெளிக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்து, "இப்பவும் மனசு ஒரு மாதிரியாத்தான் இருக்கு மேடம்" என்றார். இருக்கட்டும், பழகிவிடும்.

தெரிந்த சத்தத்தை வைத்துக்கொண்டு தெரியாத வேலையைத் தட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. வேலை செய்தவள் பெண் என்றால் இரண்டு தட்டு ஜாஸ்தி. தட்டட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எந்தச் சத்தம் சரி என்பதை நான்தான் சொல்வேன்.

திறப்பு விழாவுக்கு விருத்தாசலத்திலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வருகிறார்களாம். எத்தனை பேர் சட்டைப் பையில் ஐந்து ரூபாய் இருக்குமோ! நேற்று வாசல் பக்கத்துக் கல்லில், குணசேகரின் கண் மட்டத்தில், சாக்பீஸால் எழுதிவிட்டு வந்தேன். சிலேட்டுதானே, நன்றாகவே எழுதுகிறது.

'தட்டிப் பாருங்கள். பொக்கென்று கேட்காவிட்டால் உடனே என்னைக் கூப்பிடுங்கள்.'