பின்படிக்கட்டு முனி

மங்களம் தன் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் குப்பைக்காகத்தான் சொன்னாள்.

மலேசியாவின் ஈப்போ நகரத்தில் அவள் குடியிருக்கும் பிளாட் ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டு முனையிலும் படிக்கட்டு உண்டு. அவள் இருக்கும் மூன்றாம் மாடியில் முன்படிக்கட்டுக்குப் போகும் நடைவழியைத் தன் வீட்டுச் சொத்து என்று ஏழாம் நம்பர்க்காரர் முடிவுகட்டி, பாதி அகலத்துக்கு இரும்புக் கிரில் போட்டு, உள்ளே துணி துவைக்கும் மிஷினும் மீன்தொட்டியும் வைத்துவிட்டார். மிச்சமிருக்கிற சந்தில் ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். ஆகவே மூன்றாம் மாடிக்காரர்களுக்குப் பின்படிக்கட்டே கதி. அந்தப் படிக்கட்டு திரும்புகிற இடத்தில், மங்களத்தின் வாசலிலிருந்து எட்டுப் படி கீழே, மேல்மாடி மகராசிகள் குப்பையை வைத்துவிட்டுப் போவார்கள். டுரியான் தோல், குழந்தைகளின் அழுக்கு நாப்கின், மீன் கழுவின தண்ணீர் எல்லாம் அங்கேதான். இன்னும் நாற்பது படி இறங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டால் கால் தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

மங்களம் பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது அவளுக்குப் பதினாறு வயது. அப்போது ஈப்போவுக்கு வந்தவள், டோபிக் கடை ஒன்றில் இஸ்திரி போடச் சேர்ந்து இன்றைக்கும் அதையேதான் செய்கிறாள். யார் வீட்டுச் சட்டையாக இருந்தாலும் மடிப்பு கலைந்திருந்தால் அவளுக்குப் பொறுக்காது. வாசலில் நாற்றம் வந்தால் எப்படிப் பொறுப்பாள்? குப்பை போடாதீர்கள் என்று மலாயில் எழுதி ஒட்டினாள். மறுநாள் காலை அந்த அறிவிப்புக்கு நேர் கீழே ஒரு குப்பைப் பையை அழகாகச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலமே பழைய மளிகைக்கடைக் காலண்டரிலிருந்து முனீஸ்வரர் படத்தைக் கத்தரித்து அந்தச் சுவரில் ஒட்டினாள். பெரிய மீசை, உருட்டிய விழி, கையில் அரிவாள். ஒட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். மேலேயிருந்து இறங்கி வந்த பெண்களை நிறுத்தி வைத்து ஒரு கதையும் சொன்னாள்.

"எங்க தோட்டத்துல ரப்பர்ப்பால் ஸ்டோர் பக்கம் இருந்தது இதே முனிதான். பத்துமலைன்னு ஒருத்தன் அங்க மீன் கழுவின தண்ணிய ஊத்திப்புட்டான். மறுநாளே வாய் கோணிப் போச்சு. சாகுற வரைக்கும் நேராவல."

அந்தத் தோட்டத்தில் பத்துமலை என்று யாரும் இருந்ததில்லை. யாருக்கும் வாய் கோணியதும் இல்லை. இரண்டே நாளில் குப்பை நின்றது. மங்களம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். நாலு வருஷத்துக்கு முந்தி நடந்தது இது.

பிறகு யாரோ படத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். யாரோ சுருட்டு வைத்தார்கள். இரண்டாம் மாடி சுகுமாரன் ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டான். ஒரு பேரங்காடியில் செக்யூரிட்டி வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தவன் அவன். குரலை உயர்த்தாத ஆள், எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுகிற ஆள். பலகை போய்த் திட்டு வந்தது. திட்டுக்கு டைல்ஸ் பதித்தான், மேலே தகரக் கூரை இறக்கினான், இரண்டு முழ உயரத்துக்குச் சிமெண்டில் முனி வைத்தான், பக்கத்தில் ஆள் உயரச் சூலம் நட்டான். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அவனுக்குச் சாமி வந்தது. சித்தியவான் ஊரிலிருந்துகூட ஆட்கள் குறி கேட்க வந்தார்கள். பத்துமலையின் கதையை வந்தவர்களுக்கெல்லாம் அவன்தான் சொன்னான்.

"எங்க சித்தப்பாவுக்கு அந்த ஆள நல்லா தெரியும்லா," என்று ஒருமுறை மங்களத்திடமே சொன்னான். "கடைசி வரைக்கும் கஞ்சி குடிச்சா ஒரு பக்கமா வழியுமாம்."

மங்களத்துக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பயம் வந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று வெட்கம்.

போன வருஷம் அவள் புருஷன் சன்னாசிக்குச் சர்க்கரை முற்றி வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். லாரி ஓட்டிய மனிதன். ஆறு மாதத்தில் சிறுநீரகமும் கைவிட்டது. வாரத்தில் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, காலை பத்து மணிக்கு டயாலிசிஸ் வேன் கீழே வந்து நிற்கும். மேல்மாடிக் கோகிலனும், கீழ்த்தளத்தில் இருக்கும் அஸ்மானும் சன்னாசியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். எட்டுப் படி சுலபம். திருப்பத்துக்கு வந்தால் நாற்காலி திரும்பாது, பாதி இடத்தை முனி எடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலியைச் சாய்த்து, சன்னாசியின் தலை சுவரில் இடிக்காமல் மங்களம் கையை வைத்து அணைகொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். ஒருநாள் அஸ்மானின் முழங்கை பட்டுச் சூலம் சாய்ந்து விழுந்தது. சுகுமாரன் தன் வாசலில் நின்று பார்த்தான். பிறகு மேலே வந்து சூலத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனுக்குச் சாமி வந்தது. மூன்றாம் மாடியில் கதவு திறந்திருந்தது. சன்னாசி கட்டிலில் சாய்ந்திருந்தார். கீழேயிருந்து குரல் நன்றாகவே கேட்டது.

"என்னைத் தாண்டி ஒருத்தனத் தூக்கிட்டுப் போறாங்க. ரெண்டு பேரு தூக்குறாங்க. தூக்கட்டும். மூணு தடவ ரெண்டு பேரு தூக்குவாங்க. நாலாவது தடவ நாலு பேரு தூக்குவாங்க."

மங்களம் எழுந்து கதவைச் சாத்தினாள். திரும்பிப் பார்த்தால் சன்னாசி விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பால் வாங்கிக்கொண்டு வந்த சுகுமாரன் படியில் ஒதுங்கி நின்றான். "அண்ணனுக்கு இப்ப எப்படிக்கா இருக்கு? நல்லா பார்த்துக்குங்க."

"நேத்து நீ சொன்னது நல்லா இருக்கா தம்பி?"

"நான் என்னக்கா சொன்னேன்? சாமி வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது." நிஜமாகவே தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். கத்துகிறவனோடு சண்டை போடலாம், இவனோடு எப்படிப் போடுவது?

படிக்கட்டிலிருந்து திட்டை எடுக்கச் சொல்லிக் கேட்கக் குடியிருப்போர் கமிட்டித் தலைவர் தர்மாவிடம் போனாள். பதினைந்து வீட்டுக் கையெழுத்தோடு மனு கொடுத்தால் கூட்டத்தில் வைப்பதாக அவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கதவு கதவாக ஏறி இறங்கினாள். தமிழர்கள் காகிதத்தைப் படித்ததும் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். இது உங்கள் சாமி விஷயம் அக்கா, நாங்கள் கையெழுத்துப் போட்டால் வேறு மாதிரி ஆகிவிடும் என்று மலாய்க்காரர்கள் ஒதுங்கினார்கள். ஒரு சீனத்து அம்மாள் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தானும் அங்கே ஊதுவத்தி வைப்பதாகச் சொன்னாள். ஏழாம் நம்பர்க்காரர் கதவையே திறக்கவில்லை. படிக்கட்டை மீட்டால் அடுத்தது தன் கிரில் என்று அவருக்குத் தெரியும்.

திங்கள்கிழமை முதல் தடவை. கோகிலன் முனியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கினான். செவ்வாய்க்கிழமை மங்களம் கடைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறித் தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள். படிக்கட்டை அடைத்துக் கட்டியிருப்பதைப் போனில் படம் எடுத்துக் காட்டினாள். சாமியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை, நெருப்புப் பிடித்தால் ஆள் இறங்க முடியாது என்று மட்டும் சொன்னாள். புதன்கிழமை இரண்டாவது தடவை. இறக்கிவிட்டு வந்த கோகிலன் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஷர்மினிக்கு இது ஆறாவது மாசம். அவங்கம்மா என்னைத் தூக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"உன் பொண்டாட்டிக்கு ஒண்ணும் ஆவாது தம்பி."

"தெரியும்கா. ஆனா பயமா இருக்கு."

வியாழக்கிழமை இரண்டு அதிகாரிகள் வந்து அளந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்தாக வேண்டும் என்று கடிதம் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவை. கோகிலனுக்குப் பதில் வேன் டிரைவர் ஏறி வந்து தூக்கினார். அன்று சாயங்காலம் பூஜை உண்டு, ஆனால் சுகுமாரனுக்குச் சாமி வரவில்லை. அதுதான் மங்களத்தை அதிகமாகப் பயமுறுத்தியது. சனிக்கிழமை அவனே கடப்பாரை போட்டுத் திட்டைப் பெயர்த்து, முனியைக் கொண்டுபோய்க் கார் நிறுத்துமிடத்து மரத்தடியில் வைத்தான். சிமெண்ட் தூசியைக் கூட்டி அள்ளிவிட்டு மங்களத்தின் வாசலுக்கு வந்தான்.

"நான் எடுத்துட்டேன்கா. அது போச்சா போவலையான்னு எனக்குத் தெரியல. அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

சொல்ல வேண்டியதே இல்லை. அண்ணன் உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

திங்கள்கிழமை காலை படிக்கட்டு விசாலமாகக் கிடந்தது. மங்களம் அதைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவியிருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். பத்து மணிக்கு வேன் வந்தது. கோகிலன் வரமாட்டான், இனி இடமும் தாராளம் என்று யோசித்த அஸ்மான், தன்னோடு சாப்பாடு டெலிவரி செய்யும் இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஏறினான். பின்னாலேயே வேன் டிரைவரும் வந்தார். அஸ்மான் நல்ல பிள்ளை, அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலு பேரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியின் நாலு காலுக்கும் பக்கத்தில் ஆளுக்கொருவராக நின்றார்கள்.

சன்னாசி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நான் வரல."

"ரெண்டு பேரு வெளியே நில்லுங்கப்பா," என்றாள் மங்களம் பதறி. அவர்கள் புரியாமல் வெளியே போனார்கள்.

"இனிமே ரெண்டு பேரு தூக்கினாலும் ஒண்ணுதான் மங்களம். வந்தாச்சு, நாலு பேரும் வந்து நின்னாச்சு. அவங்க யாரும் எண்ணிப் பார்த்து வரல. தானா வந்தாங்க."

அவள் கெஞ்சினாள், திட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள். வேன் பதினைந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. எல்லாரும் போன பிறகு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நாலு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

"எல்லாம் பொய்ங்க. குப்ப போடக்கூடாதுன்னு நான்தான் இட்டுக்கட்டினேன். அது மளிகைக்கட காலண்டரு. பத்துமலைன்னு யாருமே கெடையாது. என் தாலி மேல சத்தியமா சொல்றேன்."

சன்னாசி அவள் பக்கம் திரும்பினார். கோபமில்லை. கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்த்தார்.

"பொய்தான் சொன்னே. ஆனா ஏன் முனியப் பத்திச் சொன்னே? வேற எதையும் சொல்லியிருக்கலாமில்ல. நீ சொல்லல மங்களம். அது உன் வாயால சொல்ல வச்சிருக்கு."

எத்தனை உண்மை சொன்னாலும் அத்தனையும் அந்தப் பக்கமே போய்ச் சேரும் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

புதன்கிழமையும் அவர் போகவில்லை. டயாலிசிஸ் மையத்திலிருந்து நர்ஸ் போன் செய்தாள். ஒரு தடவை விட்டாலே உடம்பில் தண்ணீர் ஏறும், இரண்டாவது தடவைக்கு நெஞ்சில் ஏறும், உடனே ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்றாள். மங்களம் நம்பரை அழுத்தப் போனபோது, தூக்க ஆள் வந்தால் அந்த ஜன்னல் வழியாக இறங்கிவிடுவேன் என்று சன்னாசி சாதாரணமாகச் சொன்னார். ஜன்னலுக்கு அவர் எட்டமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். எட்டிவிட்டால் என்ன செய்வது என்றும் தோன்றியது. அவருக்கு மிச்சமிருந்த ஒரு காலை அழுத்திப் பார்த்தாள். விரல் எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

தட்டில் எலுமிச்சம்பழம், சுருட்டு, கற்பூரம் வைத்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். காலண்டர்ப் படத்தைக் கத்தரித்த கை அது, அந்தக் கையாலேயே கற்பூரம் ஏற்றி மரத்தடியில் விழுந்து கும்பிட்டாள். சுகுமாரன் பக்கத்தில் பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அண்ணனை மன்னிச்சு விட்டேன்னு அது சொல்லணும். அவரு காதுல விழுற மாதிரி சொல்லணும். அது வாயால சொன்னாத்தான் இறங்கி வருவாரு."

"கேட்டுப் பார்க்கலாம்கா. ஆனா பழைய எடத்தக் கேட்டா?"

"எடுத்துக்கட்டும். லெட்டர் வந்தா நான் போய்ப் பேசிக்கிறேன். திட்டுக்குச் சிமெண்ட நானே சொமந்து குடுக்கிறேன். இன்னிக்கே கேளு தம்பி."

அவன் பூவைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் வன்மம் இருக்கிறதா என்று தேடினாள். எதுவும் இல்லை. அவனும் நம்புகிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இன்னிக்கு புதன்கா. வெள்ளிக்கிழமதான் இறங்கும். அது நம்ம கையில இல்ல."

அவள் மேலே ஏறினாள். அகலமான அந்தத் திருப்பத்தில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். உள்ளே சன்னாசி முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். பிறகு கேட்டார்.

"என்ன சொன்னுச்சு?"

"வெள்ளிக்கிழம சொல்லுமாம்."

"சரி," என்றார் சன்னாசி, வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக. "அதுவரைக்கும் இருப்போம்."